கார்டன் எனும் ஒரு சொல்: கறுவாத்தோட்டம் முதல் எங்கள் தோட்டங்கள் வரை

இந்த நூற்றாண்டு மலரில் எமது பாடசாலையின் வரலாற்றை எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். அதிபர்களைப் பற்றியும், கட்டடங்களைப் பற்றியும், விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும் எம்மைவிடத் திறமாக எழுதக்கூடியவர்கள் அவர்கள். ஆகவே, மலர்க்குழுவினர் எம்மிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டபோது, பாடசாலை மதிலுக்கு வெளியே சென்று, நாம் எல்லோரும் நாள்தோறும் கேட்டுப் பழகிய ஓர் ஆங்கிலச் சொல்லின் கதையை எழுதலாமென எண்ணினோம். அந்தச் சொல் 'கார்டன்'.

ஆங்கிலப் பாலபாடத்தில் 'ஜீ' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் பூக்களும் வண்ணத்துப்பூச்சியும் வரைந்து அந்தச் சொல்லை எமக்குக் காட்டினார்கள். வகுப்பில் நாம் படித்த கார்டன் அது. பாடசாலை விட்டதும் எம்மில் பாதிப்பேர் வீடு திரும்பிய கார்டன் வேறு. அதில் பூ இல்லை; பொதுக் குழாயும், வரிசை வரிசையாக ஒற்றை அறை வீடுகளும், நடுவே ஒரு முற்றமும் இருந்தன. மாநகர சபையின் ஆங்கிலக் கடிதங்கள் அதை 'டெனமென்ட் கார்டன்' என்றன. சிங்களத்தில் 'வத்த' என்றார்கள். நாம் 'தோட்டம்' என்றோம். ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பக்கத்தில் "நீங்கள் எந்தத் தோட்டம்?" என்று ஒருவர் கேட்டால், அவர் கேட்பது மரக்கறித் தோட்டத்தை அல்ல என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பூந்தோட்டத்துக்கு உரிய சொல், நெருக்கடியான வாடகைக் குடியிருப்புக்கு எப்படி வந்து சேர்ந்தது? கொழும்பிலே ஆகச் செல்வந்தர் வாழும் பகுதிக்கும், ஆக நெரிசலான பகுதிகளுக்கும் ஒரே சொல் பெயராக வாய்த்தது எப்படி? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால் சொல்லின் வரலாற்றோடு எமது ஊரின் வரலாறும் கூடவே வருகிறது.

வேலியிலிருந்து பிறந்த சொல்

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். 'கார்டன்' ஆங்கிலேயருக்குப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து வந்த சொல். வட பிரான்சில் 'கார்டின்' என்று வழங்கியது. மற்றைய பிரெஞ்சுப் பகுதிகளில் 'ஜார்டின்' என்று வழங்கி, இன்றைய பிரெஞ்சிலும் அதுவே நிலைத்திருக்கிறது. பிரெஞ்சுக்காரரோ அதைப் பழைய ஜெர்மானிய இனத்தவரான பிராங்குகளிடமிருந்து பெற்றார்கள். அந்த மூலச் சொல்லுக்குப் பொருள் பூவும் அல்ல, மரமும் அல்ல. 'அடைக்கப்பட்ட இடம்' என்பதே பொருள். வேலியோ சுவரோ சூழ்ந்த நிலம் எதுவும் கார்டன்தான்.

அதே வேரிலிருந்து ஆங்கிலத்தில் நேராக வளர்ந்த இன்னொரு சொல் 'யார்ட்'. ஆகவே கார்டனும் யார்டும் சகோதரிகள்; ஒருத்தி பிரான்சுக்குப் போய்த் திரும்பி வந்தவள், மற்றவள் வீட்டிலேயே இருந்தவள். பழத்தோட்டத்தைக் குறிக்கும் 'ஓர்ச்சட்' என்ற சொல்லின் வாலிலும் அந்த யார்ட்தான் ஒளிந்திருக்கிறது. ரஷ்ய மொழியில் நகரத்தைக் குறிக்கும் 'கோரட்', பழைய லெனின்கிராட் போன்ற பெயர்களின் ஈற்றில் நிற்கும் 'கிராட்' ஆகியனவும் இந்தக் குடும்பத்தவையே. வடமொழியில் வீட்டைக் குறிக்கும் 'கிருகம்' என்ற சொல்லும் இதே வேரைச் சேர்ந்ததென்பது மொழியியலாருள் பலர் கொள்ளும் கருத்து. அப்படியானால் கிருகப்பிரவேசத்தில் நாம் நுழைவதும் அடைக்கப்பட்ட ஓரிடத்துக்குள்தான்.

ஒல்லாந்தர் எமது நகரத்தை 1656 முதல் 1796 வரை ஆண்டவர்கள். அவர்களுடைய மொழியில் தோட்டத்துக்குப் பெயர் 'டெயின்' என்பதுபோல ஒலிக்கும் ஒரு சொல். அதற்கும் முதற்பொருள் வேலிதான். அதற்கு நேரான ஜெர்மன் சொல் 'சாவுன்' இன்றைக்கும் வேலியையே குறிக்கிறது. அதற்கு நேரான ஆங்கிலச் சொல் எது தெரியுமா? 'டவுன்'! ஒரே வேலி ஒல்லாந்தருக்குத் தோட்டமாகவும், ஆங்கிலேயருக்கு நகரமாகவும், ஜெர்மானியருக்கு வேலியாகவும் நின்றுவிட்டது. 'பார்க்' என்ற சொல்லும் முதலில் வேட்டை விலங்குகளை அடைத்துவைத்த நிலத்தைக் குறித்தது. மண்ணுலகத்துக்கு அப்பாலுள்ள 'பரடைஸ்' கூடப் பழைய ஈரானிய மொழியில் மதில் சூழ்ந்த நிலம் என்ற பொருளில் தொடங்கிக் கிரேக்கத்தின் வழியாக வந்த சொல்லே.

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. இடத்தைக் குறிக்கும் சொற்கள் பலவற்றின் அடியில் ஒரு வேலி இருக்கிறது. வேலி என்றால் உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். இதை மனதில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போகும் கொழும்புக் கதை விளங்கும்.

எமது மொழியில்

தமிழில் 'தோட்டம்' வேறு வழியில் வந்த சொல். தோண்டுதலோடு உறவுடையது அது என்பர் அகராதி ஆய்வாளர். மண்வெட்டியும் கிணறும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. கொங்கு நாட்டில் கிணற்று நீர் பாயும் வயலுக்கே தோட்டம் என்று பெயர். சங்க நூல்கள் வீட்டை அடுத்த தோட்டத்தைப் 'படப்பை' என்றன. தமிழ்நாட்டில் வீட்டின் பின்புறத்தைக் 'கொல்லை' என்பர். கோயிலுக்குப் பூக்கொடுப்பது நந்தவனம்.

ஆனால் கார்டன் என்ற சொல்லின் ஆதிப்பொருளுக்கு நேரான தமிழ்ச் சொல் இவற்றுள் எதுவும் அல்ல. அது யாழ்ப்பாணத்தவரும் கிழக்கு மாகாணத்தவரும் இன்றும் சொல்லும் 'வளவு'. வளைத்து அடைத்த நிலம் வளவு. வேலி, கிணறு, முருங்கை, வீடு எல்லாம் சேர்ந்ததே வளவு. சிங்களத்தில் பிரபுக்களின் பெரிய வீட்டைக் குறிக்கும் 'வளவ்வ' என்ற சொல் எமது வளவிலிருந்து போனதென்று கருதப்படுகிறது. ஆங்கிலேயர் இதே பொருளில் 'கொம்பவுண்ட்' என்றார்கள். அதை அவர்கள் மலாய் மொழியின் 'கம்போங்' என்ற சொல்லிலிருந்து பெற்றார்கள் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

எமது நகரில் சிங்களத்தின் 'வத்த' எங்கும் உண்டு. வெள்ளவத்தையின் பெயர் எமது காதுக்கு வெள்ளமாகவோ வெள்ளையாகவோ கேட்டாலும், சிங்களத்தில் அது மணற்கரைத் தோட்டம். மாளிகாவத்தையில் மாளிகைத் தோட்டம் இருக்கிறது. கொட்டாஞ்சேனையின் ஈற்றிலோ தோட்டமில்லை. காடு வெட்டிச் சுட்டுப் பயிரிடும் சேனை இருக்கிறது. எமது ஜிந்துப்பிட்டியின் 'பிட்டி', சிங்களத்தில் திறந்த வெளியைக் குறிக்கும் 'பிட்டிய'. கொள்ளுப்பிட்டியும் பம்பலப்பிட்டியும் அதே வாலை உடையவை. வடக்கே அல்லைப்பிட்டியிலும் வடமேற்கே கற்பிட்டியிலும் அந்தச் சொல் நிற்கிறது. வேலிகள் நெருங்கிய எமது ஊரின் பெயருக்குள்ளே வேலியில்லாத வெளி ஒன்று இருப்பது விந்தைதான்.

கறுவாத்தோட்டம்

கொழும்பின் முதற்பெரும் 'கார்டன்' கறுவாவினால் வந்தது. போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும் இலங்கைக்காகச் சண்டையிட்டதே அந்தப் பட்டைக்காகத்தான். நெடுங்காலம் காட்டில் தானாக வளர்ந்த மரத்திலிருந்தே பட்டை உரிக்கப்பட்டது. 1769ஆம் ஆண்டளவில் ஒல்லாந்த ஆளுநர் பால்க் என்பவர் மருதானைப் பக்கத்து மணல் நிலத்தில் கறுவாவைப் பயிரிடச் செய்தார். அந்தப் பயிர்நிலமே ஆங்கிலத்தில் 'சினமன் கார்டன்ஸ்', சிங்களத்தில் 'குருந்துவத்த', எமக்குக் 'கறுவாத்தோட்டம்'.

ஆங்கிலேயர் வந்தபின் 1833இல் கறுவா வணிகத்தில் அரசின் தனியுரிமை ஒழிந்தது. கறுவாவின் மதிப்பு விழுந்தது, கோப்பி எழுந்தது. கோப்பியிலும் பின்னர் தேயிலையிலும் பணம் கண்டவர்கள் அங்கே நிலம் வாங்கி மாளிகைகள் கட்டினார்கள். கறுவா மரம் போய்விட்டது, பெயர் நின்றது. அங்கே 1877இல் நூதனசாலை திறக்கப்பட்டது. பார்ன்ஸ் பிளேஸ், வார்ட் பிளேஸ் என ஆளுநர்களின் பெயரில் வீதிகள் ஓடின. சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரியில் கொழும்பில் இறங்கியபோது தங்கியது பார்ன்ஸ் பிளேசில்தான். அவர் பெயரால் 1902இல் தோன்றிய விவேகானந்த சபை இருப்பதோ எமது பக்கத்தில், விவேகானந்த மேட்டில். கொழும்பு ஏழில் வாழ்பவர் தம் முகவரியைச் சொல்லும்போது 'கார்டன்ஸ்' என்ற சொல் ஒரு பட்டம்போல ஒலித்தது. அந்த வேலிக்குள் இருப்பதே பெருமை.

வளவுகள் தோட்டங்களான கதை

இனி எமது பக்கம் வருவோம். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்தின் முற்பகுதியிலும் செல்வந்தர் விரும்பி வாழ்ந்த பகுதி எமது வட கொழும்புதான் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். முகத்துவாரம், கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கங்களில் களனி ஆற்றுக் காற்றும் கடற்காற்றும் வீசும் மேட்டு நிலங்களில் பெரிய வளவுகள் இருந்தன. முகத்துவாரத்தின் 'விஸ்ட் பங்களா' அந்தக் காலத்தின் எச்சம். ஒல்லாந்தர் இந்தப் பக்கத்தில் ஓரிடத்துக்குப் 'பூக்களின் பள்ளத்தாக்கு' என்ற பொருளில் புளூமெண்டால் என்றே பெயரிட்டார்கள். பிற்காலத்தில் நகரத்தின் குப்பை மலையாகக் குவிந்த இடமும் அதே புளூமெண்டால்தான்.

மாற்றத்தைக் கொண்டுவந்தது துறைமுகம். அதுவரை கப்பல்கள் பெரும்பாலும் காலித் துறைமுகத்தையே நாடின. 1875 டிசம்பர் 8ஆம் திகதி வேல்ஸ் இளவரசர் கொழும்பு அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினார். 1885இல் அணை நிறைவு பெற்றது. கோப்பியும் தேயிலையும் கொழும்பில் வந்து குவிந்தன. மூட்டை சுமக்க, நிலக்கரி ஏற்ற, வண்டியிழுக்க, வீதி கூட்ட ஆட்கள் தேவைப்பட்டார்கள். தென்னிந்தியாவிலிருந்தும், மலைநாட்டிலிருந்தும், தென்மாகாணக் கிராமங்களிலிருந்தும் வந்தவர்கள் துறைமுகத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருப்பிடம் தேடினார்கள். துறைமுகத்தின் புகையும் சந்தடியும் பெருகப் பெருக, செல்வந்தர் தெற்கே கறுவாத்தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தார்கள்.

விட்டுப்போன வளவுகளை அவர்கள் வெறுமனே விட்டுவிடவில்லை. பெரிய வீட்டை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். வீட்டைச் சுற்றியிருந்த தோட்டத்தில், மரங்களை வெட்டிவிட்டு, முதுகோடு முதுகு ஒட்டிய ஒற்றை அறை வரிசைகளைக் கட்டினார்கள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். முழு வரிசைக்கும் ஒரு பைப்படி, சில கக்கூஸ். (கக்கூஸ் என்ற சொல்லையும் எமக்கு விட்டுப்போனவர்கள் ஒல்லாந்தரே.) வாடகை அறவிட ஒருவர் மாதாமாதம் வருவார். நிலத்தின் பதிவிலும் வாடகைச் சீட்டிலும் அது இன்னும் இன்னாருடைய 'கார்டன்'. உரிமையாளரின் பெயரோ, முன்பு அங்கே நின்ற மரத்தின் பெயரோ தோட்டத்தின் பெயராயிற்று. பூஞ்செடி போய் மனிதர் வந்தபோதும் பெயரை மாற்ற எவரும் நினைக்கவில்லை.

ஆகவே 'டெனமென்ட் கார்டன்' என்பது கேலியாக வைத்த பெயர் அல்ல. உண்மையாகவே ஒரு காலத்தில் அது பூந்தோட்டம். கறுவாத்தோட்டமும் எங்கள் தோட்டமும் ஒரே பெயரைச் சுமப்பது தற்செயல் அல்ல. ஒரே மக்கள் ஓரிடத்தை விட்டு இன்னோரிடத்துக்குப் போனதன் இரண்டு முனைகள் அவை.

உலகில் வேறெங்கும் இப்படி நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கிறது. லண்டனில் 'கொவன்ட் கார்டன்' என்பது வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துத் துறவிகளின் தோட்டமாக இருந்து, மரக்கறிச் சந்தையாகி, இன்று இசை நாடக அரங்குக்குப் பெயர்பெற்ற இடம். 'ஹற்றன் கார்டன்' முதலாம் எலிசபெத் அரசியின் அவையைச் சேர்ந்த சேர் கிறிஸ்தோபர் ஹற்றனின் தோட்டமாக இருந்து, இன்று எமது செட்டியார் தெருவைப்போல நகைக்கடைத் தெருவாக இருக்கிறது. இரண்டிலும் தோட்டம் போயிற்று, பெயர் நின்றது. லண்டனில் அது நாகரிகப் பெயராக நின்றது. எங்களிடம் வசைச்சொல்லாக மாறியது.

பூங்கா நகரமும் பிளேக்கும்

எமது சங்கம் பிறந்த காலத்துக்குச் சற்று முன்னர், 1914இல், கொழும்பில் பிளேக் நோய் புகுந்தது. காற்றும் வெளிச்சமும் புகாத அறைகளில் அது வேகமாகப் பரவியது. அப்போதுதான் தோட்டங்களின் நெரிசல் அரசின் கண்ணுக்குத் தெரிந்தது. 1921இல் பற்றிக் கெடஸ் என்ற ஸ்கொட்லாந்து அறிஞர் கொழும்புக்கு நகரத் திட்டமொன்று எழுதினார். அக்காலத்தில் இங்கிலாந்தில் எபனேசர் ஹவார்ட் என்பவர் எழுப்பிய 'கார்டன் சிற்றி' என்ற எண்ணம் பரவியிருந்தது. நகரத்தின் வசதியும் கிராமத்தின் பசுமையும் ஒன்றுசேர்ந்த ஊர்களைக் கட்ட வேண்டுமென்பது அந்த எண்ணம். லெச்வேர்த் என்ற ஊர் 1903 முதல் அப்படி எழுந்தது. கெடசின் திட்டத்தோடு 'கீழைத்தேயத்தின் பூங்கா நகரம்' என்ற பெயர் கொழும்போடு ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கம் பூங்கா நகரம் என்ற கனவு. மறுபக்கம் பைப்படியில் வாளி வரிசை. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்.

சாய்கோடு இட்ட முகவரி

எமது தலைமுறைகள் இந்தச் சொல்லை எப்படி அனுபவித்தன என்பதையும் எழுதிவைக்க வேண்டும்; இல்லையேல் இது வெறும் அகராதி வேலையாகிவிடும்.

தோட்டத்துப் பிள்ளையை முகவரியே காட்டிக்கொடுக்கும். வீதியோரத்து வீட்டுக்கு ஓர் இலக்கம். அதன் பின்னாலுள்ள தோட்டத்து வீடுகளுக்கு அதே இலக்கத்தின் பின் ஒரு சாய்கோடு, அதன்பின் இன்னோர் இலக்கம். 120/37 என்று எழுதினால் போதும்; முப்பத்தேழாவது அறை என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். எம்மில் சிலர் சாய்கோட்டுக்குப் பின்னுள்ளதை விட்டுவிட்டு எழுதினோம். தபால்காரர் எங்களை அறிந்தவர் என்பதால் கடிதம் எப்படியோ வந்துசேர்ந்தது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வெள்ளவத்தையிலிருந்த உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்தவர்கள் உண்டு. பெண் பார்க்க வருவோரைக் கோயில் மண்டபத்துக்கு வரச்சொன்ன பெற்றோரும் உண்டு. சிநேகிதிகளை வீட்டுக்கு அழைக்காமல் இருப்பதற்கு ஒவ்வொருத்தியும் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

'தோட்டம்' என்ற சொல்லுக்கு எமது நாட்டில் இன்னொரு சுமையும் உண்டு. இந்தியாவின் அசாமிலும் டார்ஜிலிங்கிலும் தேயிலை நிலத்தை ஆங்கிலத்தில் 'ரீ கார்டன்' என்பர். இலங்கையில் 'எஸ்டேட்' என்றார்கள். தமிழில் இரண்டும் தோட்டமே. மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கொழும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பங்களுக்கு அந்தச் சொல் இருமுறை இகழ்ச்சியாக விழுந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபின், வகுப்பில் அடுத்த ஆசனத்திலிருந்த பிள்ளை ஒரு தவணை முடிந்து மறு தவணைக்கு வராமல் போனாள். தலைமன்னாரில் கப்பலேறிவிட்டாள் என்று பின்னரே தெரியும்.

ஆனால் தோட்டத்தின் மற்றப் பக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நன்றிகெட்ட எழுத்தாகும். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் நாலு வீட்டில் கஞ்சி கொதிக்கும். பரீட்சைக்காலத்தில் நடு முற்றத்து விளக்கின் கீழ் பாய் விரித்துப் படிக்கும் பிள்ளைகளுக்காக வானொலிகள் சத்தம் குறையும். பொங்கலும் நத்தாரும் நோன்புப் பெருநாளும் வெசாக்கும் ஒரே முற்றத்தில் வரும். 1983 யூலையில் தமிழ்க் குடும்பங்களைத் தம் அறைகளுக்குள் ஒளித்துவைத்துக் காத்த சிங்கள, முஸ்லிம் அயலவர் பலர் இப்படியான தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். வேலிக்குள் அடைபட்டவர்கள் வேலியைக் கொண்டே ஒருவரையொருவர் காத்தார்கள்.

பாடசாலையும் ஒரு தோட்டம்தான். பாலர் வகுப்புக்கு ஆங்கிலத்தில் 'கிண்டர்கார்ட்டன்' என்கிறோமே, அது பிரடரிக் புரோபல் என்ற ஜெர்மன் கல்வியாளர் 1840இல் ஆக்கிய சொல். 'பிள்ளைகளின் தோட்டம்' என்பது பொருள். செடிக்கு நீரும் வெளிச்சமும் வேண்டும், தோட்டக்காரர் அதை இழுத்து வளர்க்க முடியாது என்பது அவர் கொள்கை. 1945இல் இலவசக் கல்வி வந்ததன் பின்னர், தோட்டத்திலிருந்து பாடசாலை வாசலைத் தாண்டுவதற்குக் காசு தடையாக இருக்கவில்லை. அறையில் இடமில்லாத பிள்ளைக்கு வகுப்பில் ஓர் ஆசனம் இருந்தது. அதில் சாய்கோடு இல்லை. எமது சங்கத்தின் நூறு ஆண்டுகளுக்குள் நடந்த மாற்றங்களில் ஆகப் பெரியது எதுவென்று எம்மைக் கேட்டால், நாம் இதைத்தான் சொல்வோம். ஒரே வரிசையில் வெள்ளவத்தைப் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே வெள்ளைச் சீருடையில் நின்றார்கள்.

தோட்டத்திலிருந்து 'உயன'வுக்கு

1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டுப்படுத்தியது. அதனால் வீட்டுக்காரர் திருத்த வேலைகளைக் கைவிட்டார்கள். 1973இல் வந்த வீட்டு ஆதன உச்ச எல்லைச் சட்டம், எல்லைக்கு மேற்பட்ட வீடுகளை அரசிடம் சேர்த்தது. தலைமுறை தலைமுறையாக வாடகை கட்டிய பல குடும்பங்கள் அதன் வழியே தம் ஒற்றை அறைக்குத் தாமே சொந்தக்காரரானார்கள். பலகைத் தட்டு அடித்து மேல்மாடி எழுப்பினார்கள், சீமெந்து பூசினார்கள், சாய்கோடு இட்ட இலக்கத்தை வாசலில் தாமே வர்ணத்தில் எழுதினார்கள்.

2001ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்ட ஒரு கணக்கெடுப்பின்படி, கொழும்பு மாநகர எல்லைக்குள் வசதி குறைந்த குடியிருப்புகள் 1,614 இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 77,600 குடும்பங்கள் வாழ்ந்தன. தோட்டங்களோடு, கால்வாய்க் கரையிலும் புகையிரதப் பாதையோரத்திலும் எழுந்த குடில்களும் இதில் அடங்கும். உள்நாட்டுப் போர் முடிந்தபின் நிலத்தின் விலை ஏறியது. நகர அபிவிருத்தி அதிகார சபை, குடும்பங்களை உயர்மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றும் வேலையை விரைவுபடுத்தியது. பொரளைப் பக்கத்தில் எழுந்த மாடிகளுக்கு 'சிறிசர உயன', 'மெத்சர உயன' என்று பெயரிட்டார்கள். 'உயன' என்றால் என்ன? வடமொழி 'உத்தியானம்' சிங்களத்தில் அப்படி ஆயிற்று. பொருள், பூங்கா. மறுபடியும் கார்டன்!

மாடி வீட்டில் தனிக் கழிப்பறை உண்டு, குழாய் உண்டு, கதவைச் சாத்தினால் அமைதி உண்டு. இவற்றை இழிவாகப் பேச எமக்கு உரிமை இல்லை. விடிய நாலு மணிக்குப் பைப்படியில் வாளி வைத்த தாய்மாரின் பிள்ளைகள் நாம். ஆனால் முற்றம் இல்லை. மின்தூக்கி பழுதானால் பன்னிரண்டாம் மாடியிலுள்ள கிழவிக்குக் கீழே உலகமே இல்லை. முற்றத்தில் இடியப்பம் அவித்து விற்றவளுக்கு வாடிக்கையாளர் இல்லை. வேலியை உடைத்தபோது வேலிக்குள் இருந்த உறவும் சேர்ந்து உடைந்தது. தோட்டத்தின் பெயரோ எந்தப் பலகையிலும் இல்லாமல் மறைந்துபோகிறது.

வெளிநாடுகளில் வாழும் சகோதரிகளுக்கு

இந்த மலர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பாரிசிலும் சிங்கப்பூரிலும் உள்ள பழைய மாணவியரின் கைகளுக்கும் வரும். லண்டனில் வாழ்பவர்களே, உங்கள் வீதியின் பெயர் 'கார்டன்ஸ்' என்று முடியக்கூடும். வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தால் அதையும் 'கார்டன்' என்பீர்கள். கனடாவில் வாழ்பவர்களே, நீங்கள் அதே நிலத்தைப் 'பாக்யார்ட்' என்பீர்கள். பாரிசில் உங்கள் பிள்ளைகள் 'ஜார்டின்' என்பார்கள். நாலு சொல்லும் ஒரே வேலியிலிருந்து வந்தவை என்பதை இப்போது அறிவீர்கள். அங்கே கறிவேப்பிலையைச் சாடியில் வைத்துக் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் தூக்கும் நீங்கள், 'எங்கள் கார்டன்' என்று பெருமையோடு படமெடுத்து அனுப்புகிறீர்கள். மகிழ்ச்சி. அதே சொல்லை நாம் ஜிந்துப்பிட்டியில் மெதுவாகச் சொன்னோம் என்பதையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல் ஒன்றுதான்; அதைச் சொல்லும் குரலை உயர்த்துவதும் தாழ்த்துவதும் வேலிக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே.

இந்தக் கட்டுரையின் முடிவாக ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். பெரிய மனிதரின் மாளிகைகளுக்கு நூல்கள் உண்டு, படங்கள் உண்டு. தோட்டங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவற்றின் பெயர்கள் பெரும்பாலும் எமது ஞாபகத்தில் மாத்திரமே இருக்கின்றன. எம்மோடு அவையும் போய்விடும். ஆகவே, தோட்டத்தில் வாழ்ந்த ஒவ்வொரு பழைய மாணவியும் ஒரு தாளில் ஆறு விடயங்களை எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள்: உங்கள் தோட்டத்தின் பெயர், அந்தப் பெயர் வந்ததாகப் பெரியவர்கள் சொன்ன காரணம், எந்த வீதியிலிருந்து உள்ளே நுழைவது, எத்தனை வீடுகள், எத்தனை குழாய்கள், முற்றத்தில் நின்ற மரம் எது. சொந்தப் பெயரை எழுத விருப்பமில்லையென்றால் விட்டுவிடலாம். வரும் தாள்களை ஒன்றாகக் கட்டிப் பாடசாலை நூலகத்தில் வைப்பதற்குச் சங்கம் இசைந்துள்ளது.

வீட்டிலக்கத்தையும் எழுதுங்கள். சாய்கோட்டையும், அதற்குப் பின்னுள்ள இலக்கத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.